பூட்டிய வீட்டில் ஒரு பதிவேடு
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



நம் பிள்ளைகள் பொழுதுபோக்காகச் செய்துவரும் சிறு மின்னணுக் கருவிகளைப் பற்றிச் சில சொற்கள் கூறுமாறு சங்கத்தார் பணித்தனர். வெப்பம் காட்டும் கருவி ஒன்று, கடிகாரம் ஒன்று, எழுத்து ஒளிரும் திரை ஒன்று எனத் தனித்தனியே செய்து மேசைமேல் வைத்து மகிழ்கின்றனர். மகிழட்டும். ஆயின் அம்மூன்றையும் ஒன்றாகக் கூட்டினால் வீட்டுக்கு உதவும் பொருள் ஒன்று பிறக்கும். அதனையே இங்கு நாம் சொல்லப் புகுகின்றோம்.

நீரிழிவு நோய்க்கு இன்சுலின் ஊசி இட்டுக்கொள்ளும் முதியோர் நம்மிடையே உளர். இன்னும் பயன்படுத்தத் தொடங்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வரையுள்ள குளிரில் வைத்தல் வேண்டும். உறைந்தால் அது பயனற்றுப் போகும். சூடேறினால் வீரியம் குன்றும். கண்ணால் பார்த்து அறிவது பெரும்பாலும் இயலாது. நாமோ கோடை விடுமுறையில் குவார்ட்டர்ஸைப் பூட்டிக்கொண்டு ஊருக்குச் செல்பவர்கள். திரும்பி வந்து குளிர்ப்பெட்டியைத் திறந்தால் சில்லென்றுதான் இருக்கிறது. இடையில் மின்சாரம் எத்தனை மணி நேரம் நின்றது, உள்ளே எவ்வளவு சூடேறியது என்பதை யாரைக் கேட்பது? வெப்பமானி இந்நேரத்து அளவை மட்டுமே சொல்லும். இரயில் நிலையப் பதிவேட்டில் வண்டி வந்தது என்று மட்டும் எழுதினால் போதுமா? மணியும் நிமிடமும் பக்கத்தில் இருந்தால்தான் அது பதிவு.

இக்கருவிக்கு மூளையாக அமைவது மைக்ரோகண்ட்ரோலர். ஒரே சில்லில் அடங்கிய குட்டிக் கணினி. இத்தாலி நாட்டு இவ்ரேயா நகரில் 2005-ஆம் ஆண்டில் தோன்றிய ஆர்டுயினோ பலகை இதனை மாணவர் கைக்கும் எட்டச் செய்தது. அதன் யூனோ வகையில் பெரிதும் வழங்கும் சில்லில் கட்டளை எழுத 32 கிலோபைட் இடம் உண்டு. மின்சாரம் போனாலும் அழியாத குறிப்பிடம் தனியே 1024 பைட். நமக்கு அது தாராளம்.

ஆனால் இச்சில்லுக்கு மணி தெரியாது. மின்சாரம் நின்று வந்தால் புதிதாய்ப் பிறந்த குழந்தைதான். ஆதலின் நாணய வடிவப் பேட்டரியால் இடைவிடாது ஓடும் தனிக் கடிகாரச் சில்லு வேண்டும். அதனுள் நொடிக்கு 32,768 முறை அதிரும் படிகம் ஒன்று உண்டு. அவ்வெண்ணைப் பதினைந்து முறை பாதியாக்கினால் ஒன்று வரும். அதுவே ஒரு நொடி. வெப்பம் மாறினால் படிகத்தின் அதிர்வும் சிறிது மாறும். டிஎஸ் 3231 என்னும் சில்லு தன் வெப்பத்தைத் தானே அளந்து அப்பிழையைத் திருத்திக்கொள்கிறது. நம் அறைகளின் சாதாரண வெப்பத்தில் அதன் பிழை ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு நிமிடத்துக்குள் அடங்கும். சுவர்க்கடிகாரங்கள் பல இதற்கு முன் தலைகுனிய வேண்டியவையே!

இனி வேலை எவ்வாறு நடைபெறும்? பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மணியை அழியாத குறிப்பிடத்தில் எழுதுமாறு கட்டளையிடுக. மின்சாரம் நின்றால் எழுத்தும் நிற்கும். மீண்டும் வந்தவுடன் கருவி கடிகாரத்தைக் கேட்கும்; கடைசியாக எழுதிய மணியைக் கழிக்கும்; நின்ற நேரம் ஏறத்தாழக் கிடைத்துவிடும். உடனே வெப்பத்தையும் அளக்கும். சில மணி நேர நிறுத்தமாயின் பெட்டி சூடேறிக்கொண்டே வந்திருக்குமாகலின், அக்கணத்து அளவே அந்நிறுத்தத்தின் உச்சம் எனக் கொள்ளலாம். இருள் சூழ்ந்த நேரத்தில் நடந்ததை விளக்கு வந்தபின் கணக்கிட்டு அறியும் இவ்வழி நம்மைப் பெரிதும் கவர்ந்தது.

நொடிக்கு நொடி எழுதினால் என்ன என்று மாணவர் கேட்கின்றனர். குறிப்பிடத்தின் ஒவ்வோர் அறைக்கும் உறுதி கூறப்பட்ட ஆயுள் 1,00,000 எழுத்து. நொடிக்கு ஒன்றாக ஒரே அறையில் எழுதினால் 28 மணி நேரத்துக்குள் அது தீர்ந்துவிடும். பத்து நிமிடத்துக்கு ஒன்றாயின் 694 நாள் செல்லும். அறைகளை மாற்றி மாற்றி எழுதினால் இன்னும் பல ஆண்டுகள் உழைக்கும்.

வெப்ப உணரியாக எஃகு உறையிட்ட டிஎஸ் 18பி20 போதும். அரை டிகிரிக்குள் சரியாகச் சொல்வது. இதில் போலிச் சரக்கும் கடைகளில் உலவுவதால், பொடித்த பனிக்கட்டி நிறைந்த நீரில் முதலில் அமிழ்த்திப் பார்த்தல் நலம்; பூச்சியத்தை ஒட்டிக் காட்டவேண்டும். பின்னர் மருந்தருகில் ஒரு சிறு தண்ணீர்ப் புட்டியில் அதனை இடுக. கதவைத் திறந்து மூடுந்தோறும் வீசும் காற்றுக்கு மருந்து அஞ்சுவதில்லை, உணரியும் அஞ்சலாகாது.

திரைக்குப் பதினாறு எழுத்து கொண்ட இரண்டு வரிகள் போதும். மேல்வரியில் நின்ற நாளும் மணியும், கீழ்வரியில் எத்தனை நிமிடம், எத்தனை டிகிரி.

ஓர் எச்சரிக்கை. மலிவாகக் கிடைக்கும் கடிகாரப் பலகைகள் சிலவற்றில் நாணயப் பேட்டரிக்கு மின்னேற்றும் இணைப்பு உள்ளது. சாதாரண சிஆர் 2032 பேட்டரி மின்னேற்றத்துக்கு உரியதன்று. உப்பிக் கெடும், வெடிக்கவும் கூடும். பூட்டிய வீட்டில் விட்டுச் செல்லும் பொருளாகலின், அவ்விணைப்பிலுள்ள தடையை அறிந்தோரைக் கொண்டு அகற்றிய பின்னரே பொருத்துக.

மருந்து நல்லதா, கெட்டதா என்று இக்கருவி சொல்லாது. திரையிற் கண்ட நேரத்தையும் அளவையும் ஒரு தாளில் எழுதி மருத்துவரிடம் காட்டுக; கொள்வதும் தள்ளுவதும் அவர் கூறுவதைப் பொறுத்தது.