தோல் இருக்கும் இடம்



எல்லோரும் செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்திருக்கிறோம். சற்று முன் வாசித்த மிருதங்கமோ மேடையில் விரிப்பின் மேல் இருந்தது. இரண்டும் தோல்தான். ஒன்று வெளியே, ஒன்று உள்ளே. இதைத் தீர்மானித்தது யார்? தத்துவம் படிக்கக் காசிக்குப் போக வேண்டாம் ஐயா, தோல் தொழில் நடக்கும் ஆம்பூருக்குப் பக்கத்தில் பிறந்தால் போதும்.

தோல் எங்கே இருக்கலாம் என்பதற்கு வேலூர்க் கோட்டைக் கதை ஒன்றும் உண்டு. 1805 நவம்பரில், சென்னைப் படைத் தளபதி கிராடக் காலத்தில் சிப்பாய்களுக்கு வந்த உத்தரவு: நெற்றியில் குறி கூடாது, கடுக்கன் கூடாது, தாடியை எடு, புதுத் தலைப்பாகை வை. அதில் தோல் சின்னம் வேறு. தோல் தலைக்கு ஏறியதால் மதம் புண்பட்டது என்று பாடப்புத்தகம் முடித்துவிடும். எனக்கு அப்படி முடிக்க மனமில்லை. தோளில் குறுக்கே போட்ட வாரும் தோல்தானே! அதைச் சுமந்தவர்கள்தானே அந்தச் சிப்பாய்கள்? என் தலையில் என்ன இருக்க வேண்டும் என்று என்னைக் கேட்காமல் இன்னொருவன் சொன்னான் பாருங்கள், 1806 ஜூலை 10 விடியுமுன் கோட்டையில் சிப்பாய்ப் புரட்சியாக வெடித்தது அதுதான்.

பாலாற்றையும் யாரும் கேட்கவில்லை. ஒரு காலத்தில் அதன் கரையில் தோல் பதனிடும் ஷாப்பில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும்தான். பிறகு குரோம் வந்தது. ஷாப்புகளின் கழிவால் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் கெட்டது. நம் வீட்டு உலை கொதித்ததும் அந்த ஷாப்பால்தான். அதை மறைத்துப் பேச நான் வரவில்லை. ஆனால் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி குல்தீப் சிங் அமர்வு ஒன்று சொன்னது. கேடு வந்தது என்று விவசாயி நிரூபிக்க வேண்டாம், கேடு வராது என்று தொழில் நடத்துகிறவர் நிரூபிக்கட்டும்! சட்டக் கல்லூரிகளில் இன்று அதற்கு வேலூர் வழக்கு என்றே பெயர். பெயர் மட்டும் ஊர் ஊராகப் போய்விட்டது. ஆற்றுக்காகவோ 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மறுபடி உத்தரவு போட வேண்டியிருந்தது.

மிருதங்கத்தை விட்ட இடத்துக்கு வருகிறேன். வாசிப்பவர் பெயர் அழைப்பிதழில் இருக்கிறது. தோலைச் சீவி வார் இழுத்துக் கட்டியவர் பெயரை எந்த அழைப்பிதழிலும் நான் கண்டதில்லை. மிருதங்கம் செய்பவர்களைப் பற்றிப் பாடகர் டி.எம். கிருஷ்ணா 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' எழுதி வெளிவந்ததே 2020-ல்தான்.

மிருதங்கம் வாசித்த தம்பி, கிளம்பிவிடாதீர்கள். உங்கள் வாத்தியத்துக்குத் தோல் கட்டியவர் பெயர் என்ன? வாருங்கள், இந்த மைக்கில் சொல்லுங்கள்.