எடையில் எழுபது விழுக்காடு யாருடையது?

உடல் எடையில் மரபணுவும் வாழ்க்கை முறையும் என்ற பொருளில் இங்கே அல்லிநகரத்தில் கூடியிருக்கிறோம். இந்தத் தலைப்பைக் கேட்டவுடன் எவருக்கும் எழும் கேள்வி, எதற்கு எவ்வளவு பங்கு என்பதுதான். இரட்டையர் ஆய்வுகளைக் காட்டி, 40 முதல் 70 விழுக்காடு வரை பரம்பரை என்று பதில் சொல்வதும் வழக்கமாகிவிட்டது. அந்த எண்ணில் பிழையில்லை. அதைப் படிக்கும் முறையில்தான் பிழை என்பது என் வாதம். 70 கிலோ எடையுள்ள ஒருவருக்கு 49 கிலோவைப் பெற்றோர் கொடுத்தார்கள், மீதி 21 கிலோவை அவரே தேடிக்கொண்டார் என்று அது சொல்லவில்லை. ஒரே காலத்தில், ஏறத்தாழ ஒரே சூழலில் வாழும் மக்களிடையே ஆளுக்கு ஆள் எடை வேறுபடுகிறதல்லவா, அந்த வேறுபாட்டில் எவ்வளவு மரபணுவால் வந்தது என்பதே அதன் பொருள். முல்லைப் பெரியாறு பாயும் ஒரே வயலில் இரண்டு ரக நெல்லை நட்டால், விளைச்சல் வித்தியாசத்துக்கு விதையைக் காரணம் சொல்லலாம். ஒரே ரகத்தைத் தலைமடையிலும் கடைமடையிலும் நட்டால் தண்ணீரைத்தான் சொல்ல வேண்டும். அறுத்த மூட்டையில் விதைக்கு இத்தனை படி, தண்ணீருக்கு இத்தனை படி என்று யாரும் அளந்து பிரிப்பதில்லை.

நம் மாநிலத்தின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, 2015-16இல் தமிழகப் பெண்களில் 30.9 விழுக்காட்டினருக்கு உடல் நிறை எண் 25 அல்லது அதற்கு மேல் இருந்தது. 2019-21இல் அது 40.4 ஆனது. ஆண்களிடம் 28.2இலிருந்து 37.0 ஆக உயர்ந்தது. இந்தச் சில ஆண்டுகளில் ஒரு மக்கள் கூட்டத்தின் மரபணு மாறிவிடாது. மாறியது சூழல்தான். அப்படியானால் மரபணுவை மறந்துவிடலாமே என்று கேட்பவர்களுக்கு, 1986இல் ஸ்டங்கார்டு குழுவினர் வெளியிட்ட டென்மார்க் ஆய்வு பதில் வைத்திருக்கிறது. சிறு வயதில் தத்துக் கொடுக்கப்பட்டவர்களின் உடல்வாகு, சோறு போட்டு வளர்த்தவர்களோடு ஒத்துப்போகவில்லை, பெற்றவர்களோடுதான் ஒத்துப்போனது. 2007இல் கண்டறியப்பட்ட எஃப்.டி.ஓ. மரபணு வேறுபாட்டைத் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பெற்றவர்கள், பெறாதவர்களைவிடச் சராசரியாக 3 கிலோ கூடுதலாக இருக்கிறார்கள். பெரும்பாலும் பசி வழியாகவே அது வேலை செய்கிறது. 'வாயைக் கட்டினால் போதும்' என்று அறிவுரை சொல்பவர்கள், எல்லார் வயிற்றிலும் ஒரே பசி இருப்பதாக எண்ணிக்கொள்கிறார்கள்.

மரபணுவும் சூழலும் சந்திக்கும் இடம் சென்னை ஆய்வில் தெரிகிறது. மருத்துவர் வி. மோகன் குழுவினர் 2001இல் தொடங்கிய நகர்ப்புற, கிராமப்புற ஆய்வில், இதே மரபணுவின் தாக்கம் மாவுச்சத்தை மிக அதிகமாகச் சாப்பிடுபவர்களிடமும் உடலுழைப்பு இல்லாதவர்களிடமும்தான் வலுவாகத் தென்பட்டது. சென்னைவாசிகளின் மொத்தக் கலோரியில் ஏறக்குறைய பாதி, தீட்டிய தானியத்திலிருந்து, அதிலும் பெரும்பகுதி வெள்ளை அரிசியிலிருந்து வருகிறது என்பதும் அதே ஆய்வின் கணக்கு. இருபோகம் விளையும் நம் கம்பம் பள்ளத்தாக்கில் தட்டு வேறுமாதிரி இருக்கும் என்று நான் நம்பவில்லை. சோளமும் குதிரைவாலியும் தட்டைவிட்டுப் போயின. அறுப்புக்கு இயந்திரம் வந்தது. சோற்றின் அளவு மட்டும் அறுப்பறுத்த காலத்து அளவிலேயே நிற்கிறது. 2011 முதல் ரேஷனில் அரிசி இலவசம். அதைக் குறைசொல்லும் கூட்டத்தில் நான் இல்லை, பட்டினியை விரட்டியது அந்த அரிசிதான். அதன் பக்கத்தில் பருப்பும் சிறுதானியமும் அதே தாராளத்தோடு வரவில்லை என்பதே என் குறை.

'பஞ்சம் தாண்டி வந்த பரம்பரை, கொழுப்பைச் சேமித்து வைக்கும் மரபணு நமக்கு' என்ற விளக்கமும் மேடைகளில் கேட்கிறது. ஜேம்ஸ் நீல் 1962இல் முன்வைத்த கருதுகோள் அது. கதையாகக் கேட்க நன்றாக இருக்கிறது, சான்றுதான் மெலிவு. பரம்பரையின் தொன்மைக்குச் சான்று உண்டு; உசிலம்பட்டிப் பக்கம் ஜோதிமாணிக்கத்தில், மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் பிச்சப்பன் எம்130 என்ற தொன்மையான மரபுக்குறியைக் கண்டறிந்தது நமக்குப் பெருமைதான். ஆனால் அந்தக் குறி தந்தைவழி வந்த பாதையைச் சொல்லும், தொந்தியைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

பஞ்சக் கதையைவிட உறுதியான சான்று புனேயில் இருக்கிறது. அங்கே மருத்துவர் யாஜ்னிக் 1993இல் தொடங்கிய தாய்மார் ஊட்டச்சத்து ஆய்வில், கிராமத்துக் குழந்தைகளின் சராசரிப் பிறப்பு எடை 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் 3.5 கிலோ. எடையில் இவ்வளவு குறைந்த குழந்தைக்குத் தசை குறைந்த அளவுக்குக் கொழுப்பு குறையவில்லை. வளர்ந்த பிறகும் இது தொடர்வதை 2004இல் அவர் தம் உடலையே வைத்துக் காட்டினார். அவருக்கும் இங்கிலாந்து நண்பர் யுட்கினுக்கும் உடல் நிறை எண் ஒன்றே, 22.3. கொழுப்போ யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2. இந்த வித்தியாசத்தில் மரபணு எங்கே முடிகிறது, தாயின் வயிற்றில் கிடைத்த ஊட்டம் எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழித்துக் காட்ட முடியுமா? விடியுமுன் தூக்குவாளியோடு ஜீப்பில் ஏறிக் குமுளி மலைக்கும் போடிமெட்டுக்கும் ஏலக்காய் எடுக்கப் போகும் பெண் கருவுற்றிருந்தால், அவள் வாளியில் இருக்கும் சோறும் குழம்பும் இன்னொருவரின் நாற்பது வயது இடுப்பளவோடு தொடர்புடையவை. பிறக்குமுன்பே தொடங்கிவிடும் இந்த 'வாழ்க்கை முறை'க்குக் குழந்தையை யார் பொறுப்பாக்குவது?

எல்லாம் சரி, வாழ்க்கை முறையை மாற்றி எடையைக் குறைத்தவர் எத்தனை பேர், குறைந்ததும் திரும்பி வந்துவிடுகிறதே என்பது நேர்மையான மறுப்பு. பசியை அடக்கும் புதிய ஊசிகளை நிறுத்தினாலும் பெரும்பாலோருக்கு அதுதான் நடக்கிறது. சென்னையில் ஏ. ராமச்சந்திரன் நடத்தி 2006இல் வெளியிட்ட நீரிழிவுத் தடுப்பு ஆய்வை இங்கே நினைவூட்டுகிறேன். நீரிழிவின் விளிம்பில் இருந்தவர்களில், வழக்கம்போல் விடப்பட்டவர்களில் 55 விழுக்காட்டினருக்கு மூன்றாண்டுக்குள் நோய் வந்தது. நடையும் உணவு மாற்றமும் சொல்லிக்கொடுக்கப்பட்டவர்களில் 39.3 விழுக்காட்டினருக்கு. எடையோ சொல்லிக்கொள்ளும்படி குறையவில்லை. எடைக்கருவியின் முள் அசையாவிட்டாலும் உடலுக்குள் பலன் நடந்திருக்கிறது.

ஆகவே இன்றைய அமர்வுகளில் கட்டுரை படிக்கும் ஆய்வாளர்களிடம் ஒரு வேண்டுகோள். எடையை மட்டும் வைத்து முடிவு சொல்லாதீர்கள். ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 சென்டிமீட்டர் என்ற இடுப்பளவு வரம்பை வைத்தும் பாருங்கள். பிறப்பு எடை தாய் சேய் நல அட்டையில் இருக்கிறது, அதைக் கேட்டு வாங்குங்கள். செய்யும் வேலையைக் 'கூலி' என்று ஒரே சொல்லில் எழுதாமல், தோட்ட வேலையா, தறியா, கடையில் உட்காரும் வேலையா என்று பிரித்து எழுதுங்கள். மரபணுச் சோதனை செய்ய வசதியுள்ளவர்கள் இந்த மூன்றையும் சேர்த்த பிறகு செய்யுங்கள். முதல் அமர்வைத் தொடங்கலாம்.