மறுத்தலும் தட்டிக்கழித்தலும்



கடன், கடமை, கடப்பாடு என்பன ஓரடிப் பிறந்த சொற்கள். பெற்ற பொருளும் கடன். செய்தற்குரிய வினையும் கடன். சோழர் கல்வெட்டுகளிற் கடமை என்பது வரியைக் குறித்தது. பயன் கருதாது ஊர்க்கு உதவும் ஒப்புரவைத் திருவள்ளுவர் கடப்பாடு என்றார். கொடுத்துத் தீர்க்கவேண்டியது என்னும் கருத்தே இச்சொற்கட்கு உயிர்.

இக்கடனை ஏலாமையைக் குறிக்க நாளிதழ்களும் அலுவலகங்களும் எடுத்தாளும் சொல் ‘நிராகரித்தல்’ என்னும் வடசொல். ஏழை உழவன் கொடுத்த வேண்டுகோள் என்னாயிற்று என்று கேட்டால், ‘நிராகரிக்கப்பட்டது’ என்று விடை வருகிறது. செய்ய இயலவில்லையா? செய்ய மனமில்லையா? அச்சொல் வாய் திறவாது.

தமிழோ ஒவ்வொன்றையும் பிரித்துக் காட்டும். இயலாது என்பது கைவிரித்தல். நம்பி நின்றாரை நடுவழியில் நீங்குவது கைவிடுதல். இனி எனக்குத் தொடர்பில்லை என்பது கைகழுவுதல். போக்குச் சொல்லி நாள் கடத்துவது தட்டிக்கழித்தல். முகத்துக்கு நேரே, பொறுப்பேற்றுச் சொல்வது மறுத்தல். ஒரு வடசொல் நுழைந்து ஐந்து தமிழ்ச்சொற்களின் இடத்தை அடைத்துக்கொண்டது. மறுப்பவனுக்கும் ஏய்ப்பவனுக்கும் உள்ள வேறுபாட்டையும் மறைத்துவிட்டது.

‘கழித்தல்’ என்னும் சொல்லையே நோக்குக. காலைக்கடன் கழித்தான் எனின், செய்து முடித்தான் என்பது பொருள். தட்டிக்கழித்தான் எனின், செய்யாது விட்டான் என்பது பொருள். முன்னதிற் கழிவது கடன். பின்னதிற் கழிவது காலமே. கடன் அப்படியே நிற்கும்.

மறுத்தலின் மாண்புக்குத் திருவில்லிபுத்தூரே சான்று. மாந்தர் எவரையும் மணக்க இசையேன் என்பதைக் கோதை நாச்சியார் திருமொழியில் வெளிப்படவே கூறினாள். ஊர் விதித்த கடனை அவள் தட்டிக்கழிக்கவில்லை, மறுத்தாள்.

அவ்வூர்க்குத் தெற்கே இராசபாளையம், அதனையடுத்தது முறம்பு. அங்கு 1919-இல் ஆசிரியப் பணி தொடங்கியவர் மொழிஞாயிறு ஞா. தேவநேயப் பாவாணர். 1956-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் அமர்ந்த அவர், கொள்கை முரண்பட்டபோது 1961-இல் அதனை நீங்கினார். பணியிடத்தை விட்டார், பணியை விடவில்லை. 1974-இல் செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்தின் இயக்குநராகி, 1981-இல் மறையும்வரை அக்கடனையே ஆற்றினார்.

தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் 1956-இலேயே இயற்றப்பட்டது. ஆயினும், ‘தக்க சொல் இல்லை, மக்கட்கு விளங்காது, காலம் கனியட்டும்’ என்னும் போக்குகள் ஓயவில்லை. இவை மறுப்பாகா. தமிழ் வேண்டா என்று மறுத்துரைக்கும் துணிவு அவர்க்கில்லை, ஆதலால் தட்டிக்கழிக்கின்றனர். அதனை அதன் பெயரிட்டே அழைத்தல் தமிழர் முதற்கடன். ‘நிராகரிப்பு’ என்னும் போர்வையை நீக்கின், ஏய்ப்பவன் முகம் தானே வெளிப்படும்.

தமிழைத் தட்டிக்கழிப்பாரைத் தமிழர் மறுப்பாராக!