ஆய்வு மாணவனுக்குப் பேரேட்டைத் திறந்து காட்டுங்கள்

பரங்கிப்பேட்டை, லால்பேட்டை, கடலூர் பிள்ளைகள் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் எம்.பி.ஏ. முடித்துவிட்டு விமானம் ஏறுகிறார்கள். டாக்டர் பட்டம் வரை போனவர்கள் எத்தனை பேர்?

நிர்வாகவியலில் ஒரு பிரிவு உண்டு. இலாபம் எப்படிக் கூடும் என்பதோடு நிற்காமல், அது யாருடைய உழைப்பில் வந்தது என்றும் கேட்கும். 1992இல் ஆல்வெசன், வில்மாட் தொகுத்த நூல் அதற்கு 'விமர்சன நிர்வாக ஆய்வு' என்ற பெயரைத் தந்தது. இதற்கு நெறியாளர் கிடைப்பதே பெரும்பாடு. பல்கலைக்கழக மானியக்குழுவின் 2022 விதிப்படி பேராசிரியர் 8 பேருக்கும், உதவிப் பேராசிரியர் 4 பேருக்கும் மேல் வழிகாட்ட இயலாது. சேருமுன், அவரிடம் முன்பு ஆய்வு செய்தவர்களைத் தேடிப் போய் விசாரியுங்கள். கொடுத்த அத்தியாயம் எத்தனை நாளில் திருத்தி வந்தது? பட்டத்துக்குப் பின் வேலைக்குக் கைதூக்கிவிட்டாரா? சம்பந்தம் பேச எவ்வளவு விசாரிக்கிறோம்!

சிறுபான்மை மாணவர்க்கு 2009இல் வந்த மௌலானா ஆசாத் உதவித்தொகை 2022-23இல் நிறுத்தப்பட்டது. நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். பெற்றால், 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். அதற்குப் பயிற்சி வகுப்பு நடத்துவோம்.

வியாபாரப் பெரியவர்களே! நன்கொடை மட்டும் போதாது. கடைப் பையன் சம்பளம், வேலை நேரம், பங்காளிக் கணக்கு என்று கேட்டு ஒரு பிள்ளை வந்தால் விரட்டாதீர்கள். பேரேட்டை எடுத்துக் கொடுங்கள். கடைப் பெயரை மட்டும் எழுதாதே என்று சொல்லிவிடுங்கள்.