நாற்காலி வந்துவிட்டது, பணப்பை யார் கையில்?

(ஸ்ரீவில்லிபுத்தூரில் இளைஞர்கள் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



முதலில் ஒரு கேள்வி. 2025இல் நியூயார்க் மேயர் தேர்தல் விவாதத்தை உங்களில் எத்தனை பேர் கைப்பேசியில் பார்த்தீர்கள்? பாதிக்கு மேல் கை தூக்கியிருக்கிறீர்கள். நல்லது. சோரான் மம்தானி வாடகை உயர்வை நிறுத்துவேன், பேருந்தைக் கட்டணமில்லாமல் ஓட்டுவேன் என்றார். முன்னாள் ஆளுநர் குவோமோவும் மற்றவர்களும் "பணம் எங்கிருந்து வரும்?" என்று திருப்பிக் கேட்டார்கள். பெரும் பணக்காரர்கள் மீதும் பெரு நிறுவனங்கள் மீதும் வரி போடுவோம் என்றார் அவர். அந்த நவம்பரில் வென்றும் விட்டார்.

இப்போது இரண்டாவது கேள்வி. ஸ்ரீவில்லிபுத்தூர் நகராட்சியின் இந்த ஆண்டு நிதிநிலை அறிக்கையில் தூய்மைப் பணிக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறார்கள் என்று யாருக்காவது தெரியுமா? இராஜபாளையம் தோழர்கள் யாராவது?

ஒரு கையும் உயரவில்லை. உங்களைக் குற்றம் சொல்லவில்லை. அந்த அறிக்கையை நாம் தேடிப் படிக்க வேண்டும் என்று நம் ஊரில் யாரும் விரும்புவதில்லை. அதைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

நியூயார்க்கில் மேயரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். நம் நிலை வேறு. 1996லும் 2001லும் மேயரையும் நகராட்சித் தலைவரையும் நாம் நேரடியாகத் தேர்ந்தெடுத்தோம். 2006இல் மறைமுகத் தேர்தல் ஆக்கினார்கள். 2011இல் மீண்டும் நேரடி. 2022இல் மறுபடி மறைமுகம். ஆட்சியில் இருப்பவர்களுக்கு எது வசதியோ அதுவே விதி. இதில் இரண்டு பெரிய கட்சிகளுக்கும் வேறுபாடு இல்லை. நடுவில் 2016 அக்டோபரிலிருந்து 2022 மார்ச் வரை தேர்தலே நடக்காமல் தனி அலுவலர்கள் நிர்வாகம் செய்தார்கள். ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாக, கேள்வி கேட்க ஒரு கவுன்சிலர்கூட இல்லை.

நம் மாவட்டத்தில் மேயர் என்ற பதவி சிவகாசிக்கு மட்டும்தான், அதுவும் 2021இல் மாநகராட்சி ஆன பிறகு. ஸ்ரீவில்லிபுத்தூரில் 33 வார்டுகள், இராஜபாளையத்தில் 42 வார்டுகள். அந்தக் கவுன்சிலர்கள் ஒரு அறையில் கூடி நகராட்சித் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். தலைவராக வரப்போகிறவர் நம்மிடம் ஓட்டுக் கேட்டு வருவதே இல்லை. தன் வார்டில் மட்டும் கேட்டால் போதும். பிறகு அவர் யாரோடு விவாதிப்பார்? எதற்காக விவாதிப்பார்?

2022 மார்ச் 4ஆம் தேதி நடந்த மறைமுகத் தேர்தல் நினைவிருக்கும். கூட்டணிக் கட்சிகளுக்கு ஒதுக்கிய பல இடங்களில் திமுகவினரே எதிர்த்து நின்று வென்றார்கள். நெல்லிக்குப்பம் நகராட்சித் தலைவர் பதவி விடுதலைச் சிறுத்தைகளுக்கு ஒதுக்கப்பட்டது. அதுவும் அப்படித்தான் போனது. வென்றவர்கள் விலக வேண்டும் என்று கட்சித் தலைவரே வெளிப்படையாகச் சொல்ல வேண்டி வந்தது. மூடிய அறையில் நடக்கும் தேர்தலில் தலித் கட்சிக்குக் கொடுத்த வாக்குதான் முதலில் காற்றில் போகும்.

நம் ஊர்த் தேர்தல் பேச்சு எப்படி இருக்கிறது? டீக்கடையில் கேட்டுப் பாருங்கள். "இந்த வார்டில் எந்தச் சாதி எத்தனை ஓட்டு?" "அவன் ஓட்டுக்கு எவ்வளவு கொடுக்கிறான்?" இந்த இரண்டோடு முடிந்துவிடும். மூன்றாவது கேள்வி ஒன்று இருக்கிறது: நகராட்சியின் பணம் எந்தத் தெருவுக்குப் போனது, எந்தத் தெருவுக்குப் போகவில்லை? அதை யாரும் கேட்பதில்லை. முதல் இரண்டு கேள்விகளும் உயிரோடு இருப்பதே மூன்றாவதை அமுக்கி வைக்கத்தான்.

என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். என் சித்தி வேறு மாவட்டத்துச் சிறு நகரம் ஒன்றில் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். ஒரு தேர்தலில் வேட்பாளர் எங்கள் தெருவுக்கு வந்தார். தெரிந்த பையன்தான். சித்தி கேட்டார்: "தம்பி, மாசாமாசம் பி.எஃப்.னு பிடிக்கிறாங்க. அந்தப் பணம் எங்கேப்பா போகுது?" அவர் சிரித்துக்கொண்டே, "அது காண்ட்ராக்டர் விஷயம்க்கா, நகராட்சிக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல" என்றார். சித்தி விடவில்லை: "குப்பை நகராட்சியோடதுதானே? ரோடு நகராட்சியோடதுதானே? அள்ளுற நான் மட்டும் எப்படி காண்ட்ராக்டரோடவ ஆனேன்?" பதில் இல்லை. நோட்டீஸ் ஒன்றைக் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

நான் கேட்ட தேர்தல் விவாதங்களிலேயே சிறந்தது அதுதான் தோழர்களே. ஒரு நிமிடம்கூட நீடிக்கவில்லை.

இப்போது இடஒதுக்கீட்டுக்கு வருகிறேன். 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993இல் நடைமுறைக்கு வந்தது. பட்டியலின மக்களுக்கு மக்கள்தொகைக்கு ஏற்ப நகர்மன்றத்தில் இடங்கள் வந்தன. தலைவர் பதவிகளிலும் இடஒதுக்கீடு வந்தது. அது சும்மா வரவில்லை. கிராமத்தில் அதே உரிமைக்காக மேலவளவு முருகேசனும் உடனிருந்தவர்களும் 1997 ஜூன் 30 அன்று உயிரைக் கொடுத்தார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், நம் விருதுநகர் மாவட்டத்துக் கொட்டக்கச்சியேந்தல் ஆகிய ஊர்களில் பத்தாண்டுகள் தேர்தலையே நடத்தவிடவில்லை. 2006இல்தான் முடிந்தது. ஏன் அவ்வளவு வெறி? தலைவர் நாற்காலியோடு ஏலமும் குத்தகையும் பொதுச் சொத்தும் வருகிறது என்று ஆதிக்கச் சாதிக்குத் தெரியும். நாற்காலியின் மதிப்பு பணப்பையில் இருக்கிறது என்பதை நம்மைவிட அவர்கள் நன்றாகப் புரிந்து வைத்திருந்தார்கள்.

2022இல் சென்னை மேயர் பதவி பட்டியலினப் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டது. தாம்பரம் அப்படியே, ஆவடி பட்டியலினப் பொதுப் பிரிவுக்கு. பிரியா சென்னையின் முதல் தலித் பெண் மேயர் ஆனார். நாம் எல்லோரும் மகிழ்ந்தோம், மகிழ வேண்டியதுதான். 1937இல் ஜே. சிவசண்முகம் பிள்ளையும், 1945இல் என். சிவராஜும் அமர்ந்த நாற்காலி அது. ஆனால் 2025 ஆகஸ்டில் என்ன நடந்தது? அதே ரிப்பன் மாளிகை வாசலில், இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள், பெரும்பாலும் நம் பெண்கள், தங்கள் வேலையைத் தனியாருக்குக் கொடுக்காதே என்று 13 நாட்கள் உட்கார்ந்தார்கள். ஆகஸ்ட் 13 நள்ளிரவில் காவல்துறை அவர்களை அப்புறப்படுத்தியது.

ஒரு தனி மனிதரைக் குறை சொல்லிக் கடந்துபோக நான் தயாராக இல்லை. மேயருக்கு அந்த முடிவில் எவ்வளவு அதிகாரம் இருந்தது என்று கேளுங்கள். நகராட்சி, மாநகராட்சிப் பணிகளை ஒப்பந்தத்துக்கு விடும் கொள்கை கோட்டையில் முடிவாகிறது. கோப்பு ஆணையரிடம் இருக்கிறது. மேயர் மேசையில் அங்கியும் செங்கோலும் இருக்கின்றன. நாற்காலிக்கு இடஒதுக்கீடு வந்தது, பணப்பைக்கு வரவில்லை. நான் இன்று சொல்ல வந்தது இந்த ஒன்றுதான்.

பணப்பையும் தீர்மானமும் நம் வரலாற்றில் சின்ன விஷயங்கள் அல்ல. மகாட் என்ன? சவுதார் குளம் மகாட் நகராட்சியின் சொத்து. குளத்தை எல்லோருக்கும் திறப்பதாக 1924இல் நகராட்சி தீர்மானம் போட்டது. தீர்மானம் காகிதத்தில் தூங்கியது. 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் மக்களோடு போய்த் தண்ணீர் குடித்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் நகராட்சி அந்தத் தீர்மானத்தை ரத்து செய்தது. வழக்கு நடந்து 1937இல்தான் உயர் நீதிமன்றத்தில் நம் பக்கம் முடிந்தது. ஒரு நகராட்சித் தீர்மானத்தைப் போட வைப்பதும், போட்டதை நடக்க வைப்பதும் இரண்டு தனித்தனிப் போராட்டங்கள்.

நம் மண்ணிலும் ஒரு முன்னோடி உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூரும் இராஜபாளையமும் அன்று இராமநாதபுரம் மாவட்டம். சுயமரியாதை இயக்கத் தலைவர் பட்டிவீரன்பட்டி சௌந்தரபாண்டியனார் அந்த ஜில்லா போர்டுக்குத் தலைவரானார். தாழ்த்தப்பட்ட மக்களைப் பேருந்தில் ஏற்ற மறுக்கும் முதலாளிகளின் உரிமம் ரத்தாகும் என்று உத்தரவு போட்டார். மாநாட்டுத் தீர்மானங்கள் சாதிக்காததை ஒரு உள்ளாட்சித் தலைவரின் கையெழுத்து சாதித்தது. அந்தக் கையெழுத்தை நம் காலத்து வேட்பாளரிடம் நாம் ஏன் கேட்பதில்லை?

சரி, நகராட்சிக் கணக்கு எப்படி ஓடுகிறது? வருவாய் நிதி, குடிநீர் வடிகால் நிதி, கல்வி நிதி என்று மூன்று கணக்குகள். வருமானம் சொத்து வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம், கடை வாடகை, சந்தை மற்றும் பேருந்து நிலையக் குத்தகை. இதோடு மாநில நிதிக்குழு மானியமும் மத்திய நிதிக்குழு மானியமும். 2022இல் சொத்து வரியை உயர்த்தினார்கள். 600 சதுர அடிக்குக் குறைவான வீடுகளுக்கே 25 சதவீதம். ஆக, காலனியில் ஓரறை வீட்டில் இருப்பவரும் வரி கட்டுகிறவர்தான். ரேஷன் கடையில் வரிசையில் நிற்பதால் நம்மை இலவசம் வாங்குகிறவர்கள் என்று சொல்கிறார்களே, நகராட்சியில் நாம் பங்குதாரர்கள்.

இந்தக் கணக்கில் சாதி எங்கே இருக்கிறது? சாதி என்ற தலைப்பில் இருக்காது. சாலை என்ற தலைப்பில் இருக்கும். எந்தத் தெரு என்று பார்த்தால்தான் தெரியும். மயான மேம்பாடு என்ற தலைப்பில் இருக்கும். எந்த மயானம் என்று கேட்டால்தான் தெரியும். ஸ்ரீவில்லிபுத்தூர் என்றால் உலகத்துக்கு ஆண்டாள் கோயில் கோபுரமும் பால்கோவாவும். ஆடிப்பூரத் தேரோட்டம் பார்க்க ஊரே திரள்கிறது. தேர் நிலைக்கு வந்த பிறகு ரத வீதிகளில் துடைப்பத்தோடு இறங்குவது யார்? அவர்களுக்கு அன்றைய கூடுதல் வேலைக்குக் கூலி எந்தத் தலைப்பில் எழுதப்படுகிறது? பக்தி அல்லது நாத்திகம் பற்றிய கேள்வி இல்லை இது. கூலி பற்றிய கேள்வி.

2022 மார்ச்சில் பதவியேற்ற மன்றங்களின் ஐந்தாண்டு 2027 மார்ச்சில் முடிகிறது. அடுத்து ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம், எந்தக் கட்சியாக இருந்தாலும், நம் சாதிக்காரராகவே இருந்தாலும், இந்த ஐந்தைக் கேளுங்கள்.

ஒன்று: தூய்மைப் பணியாளர்களில் நிரந்தரப் பணியாளர் எத்தனை பேர், ஒப்பந்தத்தில் எத்தனை பேர்? ஒப்பந்தக்காரருக்குப் போகும் தொகையில் தொழிலாளி கைக்கு வருவது எவ்வளவு?

இரண்டு: கழிவுநீர்த் தொட்டியில் மனிதரை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. சாக்கடையில் இறப்பவர் குடும்பத்துக்கு 30 லட்சம் என்று 2023இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இறந்த பிறகு கொடுக்கும் பணம் இருக்கட்டும். இறக்காமல் இருக்க இயந்திரத்துக்கு எவ்வளவு ஒதுக்குவீர்கள்?

மூன்று: கடந்த ஐந்தாண்டில் போட்ட சாலை, வடிகால், தெருவிளக்கு இவற்றைத் தெருவாரியாகப் பட்டியல் போட்டு நகராட்சி வாசலில் ஒட்டுவீர்களா?

நான்கு: நகராட்சிக் கடைகள் யார் பெயரில் குத்தகை, யார் உள்வாடகைக்கு விட்டிருக்கிறார்கள்?

ஐந்து: மன்றத்தில் தனியார்மயத் தீர்மானம் வந்தால் கட்சிக் கட்டளையை மீறி எதிர்த்துக் கை தூக்குவீர்களா?

"நகராட்சியிடம் பணமே இல்லை, இதையெல்லாம் கேட்டு என்ன பயன்?" என்பார்கள். அதில் உண்மை இருக்கிறது. பெரும் பணம் சென்னையிலிருந்தும் டெல்லியிலிருந்தும் வருகிறது, எதற்குச் செலவழிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. இந்த மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் 1996இல் மக்கள் திட்டம் என்று தொடங்கி, மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதத்தை உள்ளாட்சிகளுக்குக் கொடுக்க முடிவு செய்தார்கள். அங்கே எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லவில்லை. வார்டில் கூடிப் பேசுவதற்கு ஒரு தொகையாவது இருந்தது. மாநில சுயாட்சி பேசுகிற நம் கட்சிகளிடம் நகராட்சிக்கு என்ன சுயாட்சி என்று கேட்பதும் நம் விவாதத்தின் ஒரு பகுதிதான். ஆனால் பணம் குறைவு என்பது பதில் ஆகாது. குறைவான பணத்தில் எந்தத் தெரு முதலில், எந்தத் தெரு கடைசியில் என்பதில்தான் சாதி வேலை செய்கிறது.

இன்னொன்றும் சொல்வார்கள்: "எல்லாவற்றிலும் சாதியைக் கொண்டுவராதே." நாம் கொண்டுவரவில்லை. காலனியின் இடத்தைத் தீர்மானித்தபோதே அது வந்துவிட்டது. நாம் கணக்குக் கேட்கிறோம், அவ்வளவுதான்.

எங்கே தொடங்குவது? 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு. உங்கள் வார்டுப் பணிகளின் பட்டியல், மதிப்பீடு, மன்றத் தீர்மான நகல் கேளுங்கள். 2022 நவம்பர் 1 முதல் நகரங்களிலும் பகுதி சபை நடத்துவதாக அரசு அறிவித்தது. உங்கள் வார்டில் நடக்கிறதா என்று விசாரியுங்கள். நடந்தால் ஐந்து பேர் அந்தக் காகிதத்தோடு போங்கள். நடக்காவிட்டால் அதையே தீர்மானமாகக் கேளுங்கள். தேர்தல் வந்ததும் வேட்பாளர்களை ஒரே மேடைக்கு அழையுங்கள். மேடையைத் திருமண மண்டபத்தில் போடாதீர்கள். காலனித் தெருவில் போடுங்கள். வருவதற்கு எத்தனை பேர் தயங்குகிறார்கள் என்பதே முதல் விவாதமாக இருக்கும்.

முதல் கேள்வியை நீங்களோ நானோ கேட்க வேண்டாம். விடியற்காலையில் குப்பை வண்டி தள்ளுகிற ஒரு அக்காவிடம் ஒலிவாங்கியைக் கொடுங்கள். என் சித்தி கேட்ட கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. இந்த முறை ஒரு நிமிடத்தில் நழுவிப்போக விடாமல், பதில் வரும்வரை உட்கார்ந்திருப்போம்.