மக்தபில் ஒரு கேள்வி
(மக்தப் மதரஸா ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



மன்னராட்சி, மக்களாட்சி, சர்வாதிகாரம் என நம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் மனனம் செய்கின்றனர். தேர்வு முடிந்ததும் மறந்துவிடுகின்றனர். அப்பாடத்தை நெஞ்சில் பதியவைக்கும் கடமை மக்தபுக்கும் உண்டு.

நேர்வழி பெற்ற கலீஃபாக்களின் பெயர்களைக் கற்பிக்கும் நாம், அவர்கள் பொறுப்பேற்ற விதத்தையும் கற்பிக்க வேண்டும். கி.பி. 632இல் அபூபக்கர் (ரலி) அவர்களுக்கு மதீனாவில் மக்கள் பைஅத் செய்தனர். உமர் (ரலி) அவர்களை அபூபக்கர் (ரலி) அவர்கள் முன்மொழிந்தார்கள். உமர் (ரலி) அவர்களோ, தம் மகனை வாரிசாக்காமல், அறுவர் கொண்ட குழுவிடம் தேர்வை ஒப்படைத்தார்கள். இன்றும் சவூதி அரேபியாவில் மன்னராட்சி. இந்தோனேஷியாவில் மக்களே வாக்களித்து அதிபரைத் தேர்ந்தெடுக்கின்றனர். மலேசியாவில் ஒன்பது மாநில மன்னர்கள் ஐந்தாண்டுக்கு ஒருமுறை தம்முள் ஒருவரைப் பேரரசராகத் தேர்கின்றனர். முறைகள் பல, மஷூராவும் நீதியும் எம்முறைக்கும் உரைகல்.

இதை நாம் நடத்தியபோது ஒரு சிறுவன் எழுந்து, “ஹஜ்ரத், நம் பள்ளிவாசல் நிர்வாகம் இவற்றில் எந்த வகை?” என்றான். “மஷூரா” என்றோம். “அப்படியானால் கணக்கு வாசிக்கும்போது ஏன் எல்லோரும் எழுந்து போய்விடுகிறார்கள்?” என்றான். நம்மிடம் பதில் இல்லை.

பெரியோர்களே! அடுத்த பொதுக்குழுவுக்குப் பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள். கணக்கு முழுவதும் கேட்கப்படுவதையும், மாற்றுக் கருத்து மதிக்கப்படுவதையும் அவர்கள் காணட்டும். பதினெட்டு வயதில் வாக்குரிமை பெறவிருக்கும் அவர்களுக்கு அதுவே முதற் பாடம்.

அல்லாஹ் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.