பம்ப்செட் ஸ்டார்ட்டரும் செல்போன் தலைமுறைகளும்



எங்கள் பக்கத்து ஊரில் ஒரு பெரியவர். அவருடைய கிணறு வீட்டிலிருந்து ரெண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. த்ரீ பேஸ் கரண்ட் ராத்திரியில்தான் வரும். அதற்காக மோட்டாருக்கு மொபைல் ஸ்டார்ட்டர் வாங்கி மாட்டினார். கட்டிலில் படுத்தபடியே ஒரு போன் போட்டால் மோட்டார் ஓடும். ரெண்டு வருஷம் ஒரு குறையும் இல்லை. ஒருநாள், செலவு குறையட்டும் என்று ஸ்டார்ட்டரில் இருந்த சிம்மை வேறு கம்பெனிக்கு மாற்றினார். அன்றைக்கே ஸ்டார்ட்டர் வாயை மூடிக்கொண்டது. நாலு நாள் ராத்திரி டார்ச் லைட்டோடு, பாம்பும் பூச்சியும் உள்ள வரப்பில் நடந்தார். அப்புறம் மெஷினைக் கழற்றிக்கொண்டு கடைக்குப் போனார். கடைக்காரர் பார்த்துவிட்டு, "மெஷின் நல்லாத்தான் இருக்குங்க ஐயா. இது 2ஜி மெஷின். நீங்க மாத்தின கம்பெனிக்கு 2ஜி கிடையாதுங்க" என்றாராம்.

இந்த 'ஜி' என்பது என்ன? தலைமுறை என்று அர்த்தம், அவ்வளவுதான். தாத்தா, அப்பா, மகன், பேரன் என்கிற மாதிரி, செல்போனுக்கும் இதுவரை ஐந்து தலைமுறை வந்திருக்கிறது.

ஒன்றை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். செல்போனும் ஒருவகை ரேடியோதான். நீங்கள் பேசுவது காற்றில் அலையாகப் போய் டவரைச் சேருகிறது. அந்த அலைகளுக்கு அளவு உண்டு, ஏரித் தண்ணீர் மாதிரி. இருக்கிற தண்ணீரை எத்தனை வயலுக்குப் பகிர்ந்து பாய்ச்சுவது என்பதுதான் ஒவ்வொரு தலைமுறையின் கதையும். அதற்காக ஊர்களைச் சின்னச் சின்ன வட்டமாகப் பிரித்து, வட்டத்துக்கு ஒரு டவர் வைத்தார்கள். அந்த வட்டத்துக்குப் பெயர் 'செல்'. செல்போன் என்ற பெயரே அதிலிருந்து வந்ததுதான்.

1973 ஏப்ரல் 3-ந் தேதி நியூயார்க் நகரில் மார்ட்டின் கூப்பர் என்ற என்ஜினீயர் கையில் பிடித்துப் பேசும் செல்போனில் முதன்முதலாகப் பேசினார். அந்தப் போன் ஒரு கிலோவுக்கு மேல் எடை. முதல் தலைமுறைச் சேவை 1979-ல் ஜப்பானில் டோக்கியோவில் தொடங்கியது. அதில் ஒருவர் பேசி முடிக்கும் வரை ஓர் அலைவரிசை முழுவதும் அவருக்கே. ஒரு வயல்காரர் வாய்க்காலையே தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்ட மாதிரி. மற்றவர் காத்திருக்க வேண்டியதுதான்.

இரண்டாம் தலைமுறை 1991-ல் பின்லாந்தில் வந்தது. குரலை எண்களாக மாற்றி, ஒரே அலைவரிசையில் எட்டுப் பேருக்கு முறை வைத்தார்கள். நம் முறைத் தண்ணீரேதான்! ஆனால் ஒவ்வொருவருக்கும் நொடிக்கு இருநூறு தடவைக்கு மேல் முறை வரும். அதனால் இடையில் விட்டுவிட்டு வருவது காதுக்குத் தெரியாது. நம் நாட்டுப் பொதுமக்களுக்குச் செல்போன் கிடைத்தது இந்தத் தலைமுறையில்தான். 1995 ஜூலை 31-ல் மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதிபாசு கல்கத்தாவிலிருந்து டெல்லியில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமுடன் பேசித் தொடங்கி வைத்தார். அந்தக் காலத்தில் நமக்கு வரும் அழைப்புக்கும் நாமே காசு கொடுத்தோம்.

மூன்றாம் தலைமுறை 2001-ல் ஜப்பானில் வந்தது. நம் சென்னையில் 2009-ல் பி.எஸ்.என்.எல். தொடங்கியது. இதில் முறையே கிடையாது. சந்தையில் எல்லாரும் ஒரே நேரத்தில் கத்தினாலும் நம் வீட்டு ஆள் குரல் நமக்குத் தெரிகிறதல்லவா? அப்படி, ஒவ்வொரு பேச்சுக்கும் ஓர் அடையாளம் கொடுத்துப் பிரித்தார்கள்.

நான்காம் தலைமுறை 2009 டிசம்பரில் ஸ்டாக்ஹோம், ஆஸ்லோ நகரங்களில் தொடங்கியது. 2012-ல் கல்கத்தாவுக்கு வந்தது. அகலமான அலைவரிசையைச் சிறுசிறு பாத்தியாகக் கட்டி, யாருக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு பாய்ச்சுகிற முறை இது. படமும் பேச்சும் ஒரே வாய்க்காலில் போகும். ஐந்தாம் தலைமுறை 2022 அக்டோபர் 1-ல் நம் நாட்டில் தொடங்கியது. அதில் உயரமான அலைகளையும் பயன்படுத்துகிறார்கள். அவை நிறையச் சுமக்கும். ஆனால் அதிக தூரம் போகாது, சுவரைத் தாண்டவும் சிரமப்படும். ஆகவே டவுனில் கிடைக்கிற 5ஜி உங்கள் தோட்டத்திலும் கிடைக்கும் என்று நினைத்துக் கூடுதல் விலை கொடுத்துவிடாதீர்கள்.

ஒரு தலைமுறை வந்தால் இன்னொன்று இடத்தைக் காலி செய்கிறது. பழைய அலையைப் புதியதற்குக் கொடுத்தால் அதிகப் பேர் பேசலாம் என்பதே காரணம். ஆஸ்திரேலியாவில் 2018-க்குள் 2ஜி-யை மூடினார்கள். 2024-ல் 3ஜி-யையும் மூடிவிட்டார்கள். நம் நாட்டிலோ தனியார் கம்பெனிகள் 2020-ஐ ஒட்டி 3ஜி-யைத்தான் முதலில் மூட ஆரம்பித்தன. தாத்தா இருக்கும்போதே அப்பா போன கதை! 3ஜி செய்த வேலையை 4ஜி இன்னும் நன்றாகச் செய்தது. ஆனால் கோடிக்கணக்கான பட்டன் போன்களும், பம்ப்செட் ஸ்டார்ட்டர் போன்ற மெஷின்களும் 2ஜி-யை நம்பி இருந்தன. அதனால் சில கம்பெனிகளில் 2ஜி இன்னும் ஓடுகிறது. ஆனால் என்றைக்கும் ஓடும் என்று நம்பி அதில் புதிதாக முதல் போடக் கூடாது.

ஆகவே, நாலு காரியத்தை நினைவில் வையுங்கள்.

ஒன்று: ஸ்டார்ட்டர் வாங்கும்போது, "இது எந்த ஜி?" என்று கேளுங்கள். 4ஜி என்றால் வாங்கலாம். அதைப் பில்லிலும் எழுதி வாங்குங்கள்.

இரண்டு: ஸ்டார்ட்டர் சிம்மைக் கம்பெனி மாற்றும் முன், புதுக் கம்பெனியில் உங்கள் மெஷினுக்கு ஏற்ற ஜி இருக்கிறதா என்று விசாரியுங்கள்.

மூன்று: சிக்னலை வீட்டுத் திண்ணையில் பார்க்காதீர்கள். அதே கம்பெனி சிம் போட்ட போனைக் கிணற்று மேட்டுக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள்.

நாலு: பட்டன் போனே போதும் என்பவர்கள் 4ஜி பட்டன் போனாகக் கேளுங்கள். பேச்சும் 4ஜி-யில் போகும் வசதி, அதாவது 'வோல்ட்டி', இருக்க வேண்டும்.

விதை வாங்கும்போது எந்த ரகம், எத்தனை நாள் பயிர் என்று கேட்காமல் வாங்குகிறோமா? இதற்கும் அப்படி ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். ராத்திரியில் வரப்பு நடக்கிற வேலை மிச்சம்.